ஊசி போட்டும் கொரோனா வந்ததே, அப்புறம் எதற்கு ஊசி?

"ரெண்டு ஊசியும் போட்டேன், பூஸ்டரும் போட்டேன், அப்புறமும் கொரோனா வந்துச்சு." இப்படிச் சொல்கிற ஒருவராவது நம் எல்லோருக்கும் தெரிந்தவர்களில் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நடந்தது அதுதான். ஆனால் அங்கிருந்து நேராக "அப்போ ஊசி வேலை செய்யவே இல்லை" என்ற முடிவுக்குப் போகும்போதுதான் எல்லாம் குழம்புகிறது. ஊசிக்கு உடம்புக்குள் என்ன வேலை என்பதை உட்கார வைத்து யாரும் நமக்குச் சொல்லவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போனோம், வரிசையில் நின்றோம், கையைக் காட்டினோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம், ராத்திரி காய்ச்சல் அடித்தது, அவ்வளவுதான். நடுவில் நடந்ததெல்லாம் விடுபட்டுப் போனதால் அந்த இடத்தை வாட்ஸ்அப் பார்வேர்டுகள் நிரப்பிக்கொண்டன.

அந்த நடுப்பகுதியை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. புதுச் சொல் வந்தால் வந்த இடத்திலேயே அதன் பொருளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு ஒத்திகை

பெரிய அலுவலகங்களில் தீ விபத்து ஒத்திகை நடத்துவார்கள், பார்த்திருப்பீர்கள். திடீரென்று மணி அடிக்கும், எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து படிக்கட்டு வழியாக இறங்குவார்கள், யார் எந்தப் பக்கம் போக வேண்டும், தீயணைப்பான் எங்கே தொங்குகிறது, கீழே யார் தலை எண்ணுவது என்று ஒருமுறை செய்து பார்த்துவிடுவார்கள். தீ என்று எதுவும் இருக்காது. அந்த அரை மணி நேரம் வேலை கெடும், சலசலப்பு இருக்கும், சிலருக்கு எரிச்சலும் வரும்.

இந்த ஒத்திகை நடந்த கட்டடத்தில் இனிமேல் தீயே பிடிக்காது என்று யாரும் நினைப்பதில்லை. பிடித்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும், பதறாமல் முதல் சில நிமிடங்களிலேயே அணைத்துவிடலாம், கட்டடம் முழுக்கப் பரவாது என்பதற்குத்தான் ஒத்திகை. கொரோனா தடுப்பூசி உடம்புக்குள் செய்வது இதைத்தான்.

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் செல்களும் அவை தயாரிக்கும் பொருள்களும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் என்று பெயர். அதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. முன்பின் பார்க்காத கிருமி வந்தால் அதற்கென்றே தனியாக ஒரு எதிர்ப்பை உருவாக்க ஒன்று இரண்டு வாரம் ஆகிவிடும். அந்த ஒன்று இரண்டு வாரத்தில் வைரஸ் தொண்டையிலிருந்து நுரையீரல் வரை இறங்கிவிட முடியும். 2020-இல் அத்தனை பேர் இறந்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். உலகத்தில் ஒருவர் உடம்புக்கும் இந்த வைரஸைத் தெரியாது. அதே கிருமி இரண்டாவது முறை வரும்போது உடம்பு சில நாள்களிலேயே, சில சமயம் சில மணி நேரங்களிலேயே, முழு வேகத்தில் இறங்கிவிடும். அந்த "முதல் முறை" ஆபத்தில்லாமல் நடந்துமுடிய வேண்டும் என்பதற்காகத்தான் ஊசி.

சுருக்கமாக: ஊசி வைரஸுக்கு எதிரான மருந்து கிடையாது, வைரஸை நேரடியாகக் கொல்வதும் இல்லை. கொல்லப்போவது உங்கள் உடம்பு. ஊசி அதற்கு முன்கூட்டியே பழக்கம் கொடுக்கிறது.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

கொரோனா வைரஸின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம், உருண்டையின் மேல் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளுக்கு ஸ்பைக் புரதம் என்று பெயர். நம் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வைரஸ் பயன்படுத்துவது அதைத்தான். அந்த முள்ளை மட்டும் உடம்புக்கு அடையாளம் காட்டிவிட்டால் போதும், முழு வைரஸைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் பெரும்பாலான கொரோனா தடுப்பூசிகளின் அடிப்படை.

எப்படிக் காட்டுவது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். கோவாக்சின், சினோவாக் போன்றவற்றில் முழு வைரஸையே ஆய்வகத்தில் வளர்த்து, ரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, பெருக முடியாத சடலமாக உள்ளே அனுப்புகிறார்கள். போலியோ ஊசியில் இருந்தே பழகிய பழைய முறை அது. நோவாவாக்ஸில் ஸ்பைக் புரதத்தை மட்டும் தனியாகத் தயாரித்து, உடம்பு அதைக் கவனிக்கும்படி ஒரு தூண்டுபொருளோடு சேர்த்துத் தருகிறார்கள்.

கோவிஷீல்டு என்றும் ஆஸ்ட்ராசெனகா என்றும் அழைக்கப்பட்ட ஊசியில் வேறு வழி. சிம்பன்சிகளிடம் சாதாரண ஜலதோஷம் உண்டாக்கும் ஒரு வைரஸை, பெருகும் திறனை நீக்கிவிட்டு, ஸ்பைக் புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமந்து வரும் வண்டியாக மாற்றியிருக்கிறார்கள். ஸ்புட்னிக்கும் ஜான்சன் ஊசியும் இதே வகைதான், ஆனால் அவற்றில் மனிதர்களிடம் இருக்கும் வைரஸ் வகைகளைப் பயன்படுத்தினார்கள்.

நான்காவது வகைதான் அதிகப் பயத்தைக் கிளப்பியது: ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இருக்கும் எம்ஆர்என்ஏ. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர நம் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் கரு என்ற ஓர் அறை இருக்கிறது, உடம்பின் முழுச் செய்முறைத் தொகுப்பான டிஎன்ஏ அதற்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு புரதம் செய்ய வேண்டும் என்றால் செல் அதற்கான பகுதியை மட்டும் நகலெடுத்துக் கருவுக்கு வெளியே அனுப்பும். அந்தத் தற்காலிக நகல்தான் எம்ஆர்என்ஏ. செல்லின் வெளிப்பகுதியில் இருக்கும் புரதத் தொழிற்கூடம் அதைப் படித்துப் புரதத்தைச் செய்யும், கொஞ்ச நேரத்தில் நகல் சிதைந்து போய்விடும். இந்த நொடியும் உங்கள் செல்களில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

ஃபைசரும் மாடர்னாவும் செய்தது, ஸ்பைக் புரதத்துக்கான அப்படிப்பட்ட ஒரு நகலை நுண்ணிய கொழுப்பு உருண்டையில் சுற்றி உள்ளே அனுப்பியதுதான். அது செல்லின் கருவுக்குள் போவதில்லை, டிஎன்ஏ-வைத் தொடுவதில்லை, சில நாள்களில் மற்ற எம்ஆர்என்ஏ மாதிரியே சிதைந்துவிடுகிறது. "ஊசி மரபணுவை மாற்றிவிடும்" என்ற பேச்சு எத்தனை பேரைப் பயமுறுத்தி வீட்டிலேயே உட்கார வைத்தது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தத் துண்டு அவ்வளவு அற்ப ஆயுள் உள்ளது என்பதால்தானே ஃபைசர் ஊசியை ஆரம்பத்தில் மைனஸ் 70 டிகிரி அளவுக்கு உறைய வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஆக, வகை எதுவானாலும் கடைசியில் உடம்பின் முன்னால் வந்து நிற்பது ஸ்பைக் புரதம்தான். செயலிழந்த வைரஸ் ஊசியில் மட்டும் அதோடு வைரஸின் மற்ற பாகங்களும் சேர்ந்து வரும். உயிருள்ள கொரோனா வைரஸ் இவற்றில் எதிலும் இல்லை, ஆகவே ஊசியால் கொரோனா தொற்றாது.

சுகாதார நிலையத்தில் நடப்பவற்றுக்குக் காரணம் உண்டு

மேசைக்குப் பின்னால் இருப்பவர் பெயரையும் வயதையும் கேட்ட பிறகு வரிசையாகச் சில கேள்விகள் கேட்பார். இப்போது காய்ச்சல் இருக்கிறதா, முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ ஒவ்வாமை வந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா. கூட்டம் அதிகமாக இருக்கிறதே, பின்னால் ஆள் நிற்கிறாரே என்று எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்று தலையாட்டிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு ஊசி போட்ட இடத்தை இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்பு ஒவ்வாமை வந்தவரை அதிக நேரம் உட்கார வைக்க வேண்டும், சிலருக்கு வேறு வகை ஊசியே தேவைப்படலாம். ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும் என்றால் அதையும் சொல்லலாம், படுக்க வைத்துப் போடுவார்கள்.

அடுத்து காத்திருப்பு. "மருந்து இருக்கு, ஆனா இன்னும் ஆள் சேரணும்" என்று செவிலியர் சொன்னால் கோபம் வரும், வருவது இயல்பு. ஆனால் பல ஊசிகள் ஒரே குப்பியில் பல பேருக்கான மருந்தாக வருகின்றன. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கு இருந்தது, ஃபைசரின் ஆரம்பக் குப்பியில் 6 பேருக்கு. ஒருமுறை திறந்துவிட்டால் சில மணி நேரம்தான், அந்த ஃபைசர் குப்பிக்கு உப்புநீர் கலந்த பிறகு 6 மணி நேரம். அதற்குள் ஆள் வரவில்லை என்றால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். அதுவரை ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் அதைக் காப்பாற்றுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து உங்கள் தோள் வரை இந்தக் குளிர் ஓரிடத்தில் அறுந்தாலும் மருந்து வீணாகிவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஊசி மேல்கைத் தசையில் போடப்படுகிறது. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், எதிர்ப்புச் செல்கள் சீக்கிரம் வந்து சேரும், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளும் பக்கத்திலேயே. நிணநீர் முடிச்சு என்றால் எதிர்ப்புச் செல்கள் கூடிப் பயிற்சி எடுக்கும் சிறிய கணு. சட்டைக் கை சுலபமாகத் தோள் வரை ஏறுகிற உடையாகப் போட்டுக்கொண்டு போனால் உங்களுக்கும் நல்லது, போடுபவருக்கும் நல்லது. போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும், தேய்க்க வேண்டாம்.

பிறகு 15 நிமிடமோ 30 நிமிடமோ உட்காரச் சொல்வார்கள். இதைத்தான் அதிகம் பேர் தட்டிக்கழிக்கிறார்கள். ஊசியால் வரக்கூடிய கடுமையான உடனடி ஒவ்வாமை, அதாவது முகம் வீங்கி, மூச்சு திணறி, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, மிக மிக அபூர்வம். அமெரிக்கக் கண்காணிப்பில் தெரிந்தபடி பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய 5. ஆனால் வருவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வந்துவிடும், அட்ரினலின் ஊசி அறையிலேயே தயாராக இருக்கும், போட்டால் சரியாகிவிடும். அதே ஒவ்வாமை திரும்பி வரும் வழியில் பேருந்தில் வந்தால் கதை வேறு. அந்த நாற்காலி அதற்காகத்தான் போடப்பட்டிருக்கிறது.

ராத்திரி அடித்த காய்ச்சல்

ஊசி போட்ட சில மணி நேரத்தில் கை வலிக்கத் தொடங்குகிறது, ராத்திரி குளிர்கிறது, மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, சிலருக்கு அக்குளில் நெறி கட்டுகிறது. ஒத்திகையின் சலசலப்பு இதுதான். தெரியாத பொருள் ஒன்று வந்திருக்கிறது என்று முதலில் விழித்துக்கொள்ளும் செல்கள் ரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன, அவை மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை ஏற்றிவிடுகின்றன, காய்ச்சல் வருகிறது. அக்குளில் நெறி கட்டுவது நிணநீர் முடிச்சுகளில் செல்கள் பெருகுவதால். ஒன்று இரண்டு நாளில் தானாக அடங்கிவிடும். தேவைப்பட்டால் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் காய்ச்சல் வருமோ என்று பயந்து ஊசிக்கு முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு போக வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

காய்ச்சலே வராதவர்கள் "எனக்கு ஊசி பிடிக்கவில்லையோ" என்று கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. சோதனைகளில் பாதுகாப்பு கிடைத்தவர்களில் ஏராளமானோருக்குக் காய்ச்சல் வரவே இல்லை. இன்னொரு சுவையான விஷயமும் உண்டு. தடுப்பூசி சோதனைகளில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போடுவார்கள், யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். அப்படிப் பல கொரோனா ஊசி சோதனைகளைச் சேர்த்து 2022-இல் பார்த்தபோது, வெறும் ஊசி போட்டவர்களிலேயே ஏறக்குறைய 35 சதவீதம் பேர் முதல் டோஸுக்குப் பிறகு தலைவலி, அசதி போன்ற ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் நடிக்கவில்லை. எதிர்பார்ப்பும் பயமும் உடம்பில் உண்மையான வலியாகவே வரும். அதோடு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வாரத்தில் சிலருக்குத் தலைவலி வரத்தானே செய்யும்.

அபூர்வமான, ஆனால் உண்மையான ஆபத்துகளும் இருக்கின்றன, அவற்றை மூடி மறைப்பதால்தான் நம்பிக்கை கெடுகிறது என்பது என் எண்ணம். எம்ஆர்என்ஏ ஊசிகளுக்குப் பிறகு, குறிப்பாக இரண்டாவது டோஸுக்குப் பிறகு, முக்கியமாக இளைஞர்களில் சிலருக்கு இதயத் தசை அழற்சி வந்தது, பெரும்பாலோர் குணமடைந்தார்கள். ஆஸ்ட்ராசெனகா, ஜான்சன் ஊசிகளுக்குப் பிறகு மிகச் சிலருக்கு ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் குறைந்து, கூடவே ரத்தக்கட்டியும் உருவானது, அதில் இறந்தவர்களும் உண்டு. இது தெரிந்தபோது பல நாடுகள் 2021-இலேயே இளம் வயதினருக்கு வேறு வகை ஊசிக்கு மாறின. ஆகவே ஊசிக்குப் பின் வரும் நாள்களிலும் வாரங்களிலும் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு, விடாத கடும் தலைவலி, கால் வீக்கம், தோலில் ரத்தப் புள்ளிகள் என்று எது வந்தாலும் "ஊசிக் காய்ச்சல்தான்" என்று படுத்துவிடாமல் டாக்டரிடம் போங்கள், ஊசி போட்ட தேதியையும் சொல்லுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்

காய்ச்சல் போன பிறகுதான் முக்கியமான வேலை நடக்கிறது. நிணநீர் முடிச்சுகளில் இரண்டு வகைச் செல்கள் பயிற்சி எடுக்கின்றன. பி செல்கள் ஆன்டிபாடியைத் தயாரிக்கும். ஆன்டிபாடி என்பது ஸ்பைக் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வைரஸ் செல்லுக்குள் நுழையாமல் தடுக்கும் புரதம். டி செல்கள் வேறு வேலை செய்யும். வைரஸ் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட செல்லைக் கண்டுபிடித்து அந்தச் செல்லையே அழித்துவிடும், வைரஸ் அங்கே பெருக முடியாது. எல்லாம் முடிந்து படை கலைந்த பிறகும் இரண்டு வகையிலும் ஒரு சிறு பங்கு தங்கிவிடுகிறது. அவைதான் நினைவு செல்கள். அடுத்த முறை மணி அடித்தால் முதலில் ஓடப்போவது அவை.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். ஊசி போட்டு மூன்றாம் நாள் கூட்டத்துக்குப் போய்த் தொற்றிக்கொண்டு "ஊசியால்தான் வந்தது" என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. இரண்டாவது டோஸ் ஏன் என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். முதல் ஒத்திகையில் ஓரளவு கற்றுக்கொண்டவர்களை இரண்டாவது ஒத்திகை தேர்ந்தவர்களாக்குகிறது, நன்றாக ஒட்டும் ஆன்டிபாடியைச் செய்யும் பி செல்கள் தேர்வாகிப் பெருகுகின்றன. இரண்டுக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி விடுவது அந்தத் தேர்வு நடக்க நேரம் கொடுப்பதற்காகத்தான்.

95 சதவீதம் என்றால் என்ன?

இந்த ஒரு எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்ட அளவுக்கு வேறு எதையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டோம். "95 சதவீதம் செயல்திறன் என்றால் 100 பேருக்கு ஊசி போட்டால் 5 பேருக்குக் கொரோனா வரும்" என்று பலரும் நினைத்தார்கள், சில செய்திகளிலும் அப்படியே வந்தது.

ஃபைசரின் 2020 சோதனையை எடுத்துக்கொள்வோம். 43,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள், ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதிக்குத் தடுப்பூசி, மறு பாதிக்கு உப்புநீர் ஊசி. இரண்டாவது டோஸ் போட்டு ஒரு வாரம் ஆன பிறகு யாருக்கெல்லாம் அறிகுறியோடு கொரோனா வந்தது என்று எண்ணினார்கள். உப்புநீர்க் குழுவில் 162 பேர், தடுப்பூசிக் குழுவில் 8 பேர். 162 பேருக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் 8 பேருக்குத்தான் வந்திருக்கிறது, அதாவது 95 சதவீதம் குறைவு. செயல்திறன் என்பது இந்த ஒப்பீடுதான். தடுப்பூசிக் குழுவின் ஏறக்குறைய 21,700 பேரில் வந்தது 8 பேருக்கு, 100-க்கு 5 இல்லை.

இதில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். சோதனையில் எண்ணியது அறிகுறியோடு வந்த நோயைத்தான், அறிகுறியே இல்லாமல் வந்து போன தொற்றை எண்ணவில்லை. "இனி உங்களுக்குத் தொற்றவே தொற்றாது" என்று அந்தச் சோதனை சொல்லவே இல்லை, நாம்தான் அப்படிக் கேட்டுக்கொண்டோம். அப்புறம், அந்த எண் அந்த மாதங்களுக்கும் அப்போது சுற்றிக்கொண்டிருந்த வைரஸுக்கும் உரியது, என்றென்றைக்குமான உத்தரவாதச் சீட்டாக யாரும் அதைத் தரவில்லை.

சரி, பிறகும் ஏன் வருகிறது?

வைரஸ் முதலில் இறங்குவது மூக்கிலும் தொண்டையிலும். கையில் போட்ட ஊசி உருவாக்கும் ஆன்டிபாடி பெரும்பாலும் ரத்தத்தில் ஓடுகிறது. நுரையீரலை அது நன்றாகக் காக்கும், ஆனால் மூக்கின் ஈரப்பரப்பில் அதன் அளவு குறைவு. ஊசி போட்ட முதல் சில மாதங்களில் ரத்தத்திலேயே ஆன்டிபாடி நிரம்பி வழிவதால் மூக்குக்கும் ஓரளவு கசியும், தொற்றே வராமல் தடுக்கவும் செய்யும். மாதங்கள் போகப்போக அந்த அளவு இறங்கும். இறங்குவது இயல்பு, கண்ட கிருமிக்கெல்லாம் ஆன்டிபாடியை அதே அளவில் எப்போதும் தயாரித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் கூழாகிவிடும். ஆகவே வைரஸ் மூக்கில் பிடித்துக்கொள்கிறது, சளியும் காய்ச்சலும் வருகின்றன, பரிசோதனையில் பாசிட்டிவ் வருகிறது. ஆனால் அதற்குள் நினைவு செல்கள் விழித்துவிடுகின்றன, சில நாள்களில் ஆன்டிபாடி மறுபடி ஏறுகிறது, டி செல்கள் வந்துவிடுகின்றன, வைரஸ் நுரையீரலை நாசமாக்குவதற்குள் அடங்கிவிடுகிறது. தீப்பிடித்தது, ஒரு அறையோடு போயிற்று.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. 2021 நவம்பரில் அடையாளம் காணப்பட்ட ஒமைக்ரான் வகையின் ஸ்பைக் புரதத்தில் 30-க்கும் அதிகமான மாற்றங்கள் இருந்தன. பழைய ஸ்பைக்கை வைத்துப் பழகிய ஆன்டிபாடிகளில் பல அதன்மேல் சரியாக ஒட்டவில்லை, அதனால்தான் அந்தச் சமயத்தில் ஊசி போட்டவர்களுக்கும் வீடு வீடாக வந்தது. டி செல்கள் ஸ்பைக்கின் பல சிறு துண்டுகளைத் தனித்தனியாக அடையாளம் காண்பவை, அவற்றில் பெரும்பாலான துண்டுகள் மாறவில்லை, ஆகவே அந்தப் பாதுகாப்பு பெரிய அளவில் தாக்குப்பிடித்தது. தொற்றைத் தடுப்பது சீக்கிரம் குறைந்தது, உயிரைக் காப்பது நீடித்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் இத்தனை வாக்குவாதத்துக்கும் காரணம்.

பூஸ்டரின் வேலையும் இதோடு சேர்ந்ததுதான். இறங்கிய ஆன்டிபாடியை ஏற்றுவது, முடிந்தால் மாறிய வைரஸின் புது முகத்தையும் காட்டிவைப்பது. 2023-இல் இருந்து பல நாடுகளில் போடப்பட்ட ஊசிகள் 2020-இன் வைரஸை விட்டுவிட்டு ஒமைக்ரான் வழிவந்த வகைகளை வைத்துச் செய்யப்பட்டவை.

ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எல்லாம் ஊசி போட்டவர்களாமே?

இந்த வாதம் பார்க்க மிக வலுவாக இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும், எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 1,000 பேர், அவர்களில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 100-க்கு 10 பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், ஊசி போட்டவர்களில் 100-க்கு 2 பேர்தான். இப்போது வார்டில் எட்டிப் பார்த்தால் ஊசி போட்டவர்கள் 18 பேர், போடாதவர்கள் 10 பேர். "பார்த்தாயா, ஊசி போட்டவர்கள்தான் அதிகம்" என்று தோன்றும். ஆனால் ஊசி இங்கே ஆபத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. யாருமே போடாமல் இருந்திருந்தால் அந்த வார்டில் 100 பேர் இருந்திருப்பார்கள். வராமல் போன அந்த 72 பேரை யாராலும் படம் பிடித்துப் போட முடியாது.

உலக அளவில் அப்படி வராமல் போனதை மதிப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. தடுப்பூசித் திட்டங்கள் தொடங்கிய 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டில் 185 நாடுகளில் ஊசி தடுத்த மரணங்கள், அதிகாரபூர்வக் கொரோனா மரணக் கணக்குப்படியே 1 கோடியே 44 லட்சம், கணக்கில் வராத மரணங்களையும் சேர்த்தால் 1 கோடியே 98 லட்சம் என்பது அதன் மதிப்பீடு.

இவ்வளவு வேகமாக வந்ததே, நம்பலாமா?

வேகமாக முடிந்தது கடைசிக் கட்டம்தான். எம்ஆர்என்ஏ ஆராய்ச்சி 1990-களிலிருந்தே நடந்துவந்தது. வெளியிலிருந்து வரும் எம்ஆர்என்ஏ-வைக் கண்டு உடம்பு அளவுக்கு மீறிக் கொந்தளிக்காமல் இருக்க என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்பதை காத்தலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் வெளியிட்டார்கள், அதற்காகத்தான் 2023-இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 2003-இல் பரவிய சார்ஸும் 2012-இல் வந்த மெர்ஸும் கொரோனா வைரஸ்களே, ஸ்பைக் புரதத்தைத்தான் குறிவைக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 2020 ஜனவரியில் புது வைரஸின் மரபுக் குறியீடு வெளியானதும் அதை அந்தத் தயார் அச்சில் பொருத்தினார்கள், மார்ச் 16-ஆம் தேதி முதல் தன்னார்வலருக்கு மாடர்னா ஊசி போடப்பட்டது. வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சோதனைக் கட்டங்களைச் சேர்த்து நடத்தினார்கள், முடிவு தெரியும் முன்பே தயாரிப்பைத் தொடங்கினார்கள், தோற்றால் அந்தப் பணம் போயிற்று என்று அரசுகள் ஏற்றுக்கொண்டன. நோய் அத்தனை வேகமாகப் பரவிக்கொண்டிருந்ததால் இரண்டு குழுக்களையும் ஒப்பிடத் தேவையான நோயாளிகளின் எண்ணிக்கையும் சீக்கிரம் சேர்ந்துவிட்டது. சேர்த்துக்கொண்ட ஆள்களின் எண்ணிக்கையை யாரும் குறைக்கவில்லை.

இப்போது போக வேண்டுமா?

2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. வைரஸ் போய்விடவில்லை, நம்மில் பெரும்பாலோரின் உடம்புக்கு அது இப்போது பழகிய முகம். அதனால் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. வயதானவர்கள், நோய் எதிர்ப்புக் குறைவானவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்யும் மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்குத்தான் பூஸ்டரில் முன்னுரிமை தரச் சொல்கிறார்கள். வயது ஏறும்போது நினைவு செல்களின் வேகம் குறைகிறது, அவர்களுக்கு இந்த வைரஸ் இன்னும் சாதாரணச் சளி ஆகிவிடவில்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய கடைசி டோஸ் எப்போது என்று இந்த வாரமே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

போகும்போது பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். எந்த வகை ஊசி, எந்தத் தேதி, குப்பியின் தொகுதி எண் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அட்டை தொலைந்திருந்தால் போட்ட இடத்தையும் தோராயமான மாதத்தையும் சொன்னால் பெரும்பாலும் பதிவேட்டில் தேடிப் பார்ப்பார்கள். சமீபத்தில் கொரோனா வந்து போயிருந்தால் அதையும் சொல்லுங்கள், அடுத்த டோஸைத் தள்ளிப்போடச் சொல்ல வாய்ப்புண்டு. தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மறுநாள் கடினமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.